மனோசிலைக் குப்பிக்கு இரண்டு முறுக்கு

சீனத்துப் போஷான் ஊர்க் கண்ணாடிப் பட்டறைகளில் வார்க்கும் மூக்குப்பொடிக் குப்பிகள் எல்லாம் கல்லாக நடிப்பவை. பச்சைக்கல், நீலக்கல், பவளம், எதுவானாலும் கண்ணாடிதான். அவற்றுக்குச் சாணை பிடிக்கிறவள் யூஹே. கணவன் இறந்தபின் அவனுடைய மிதிச்சக்கரத்தின் முன் உட்கார்ந்தவள், பதினான்கு வருஷமாகியும் அந்த இடத்தை விடவில்லை.

ஜியாசிங் பேரரசர் பட்டமேறிய பதினோராம் வருஷம், தலைநகரத்து வியாபாரி ஹுவோ, மனோசிலை என்ற செம்மஞ்சள் கல்லைப் போல ஒரு குப்பி கேட்டார். நிஜ மனோசிலையில் குடைந்தால் விஷம், வெயில் பட்டால் உதிரும், அதனால்தான் கண்ணாடியில். இரண்டு தடவை செய்து அனுப்பினார்கள். இரண்டு தடவையும் திரும்பி வந்தது. ‘சிவப்பாக இருக்கிறது, கல்லாக இல்லை’ என்று சீட்டு எழுதியிருந்தார்.

உலைக்குத் தலைவர் கோங். முற்றத்தில் துருத்திக்காரர் உட்பட எட்டுப் பேரை வைத்துக்கொண்டு சொன்னார்: “உலையில குத்தம் இல்ல. இந்தம்மா சக்கரம்தான் நிறத்தைத் தேய்ச்சுக் கழுவிடுது. மூணாவது தடவையும் திரும்பி வந்தா சாணைக்கு வேற ஆள் பாக்குறேன்.”

யூஹே திரும்பி வந்த குப்பிகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய அப்பா மலையில் மனோசிலை வெட்டியவர். அந்தக் கல் அவளுக்குத் தெரியும். குப்பிகளோ கழுத்திலிருந்து அடிவரை ஒரே நிறம். மஞ்சள், சிவப்பு இரண்டு கண்ணாடியையும் கோடு மறையும்வரை கலக்குவதுதான் உலைக்காரனுக்கு மானம். பன்னிரண்டு வயசில் ஒரு கோடு விட்டதற்கு வாத்தியாரிடம் முதுகில் கம்பியால் அடி வாங்கியவர் கோங். அந்தக் கை எப்படிக் கலக்காமல் விடும்?

உலைவாசலைப் பெண் தாண்டினால் உலைச்சாமிக்குக் கோபம் வந்து கண்ணாடி உருக்கும் பானை வெடிக்கும் என்பார்கள். யூஹே தாண்டவில்லை. மஞ்சள் தினை மாவும் சிவப்புச் சோள மாவும் தனித்தனி உருண்டைகளாகப் பிசைந்து, பலகையோடு வாசலுக்கு இப்பால் வந்து உட்கார்ந்தாள்.

“என்ன தங்கச்சி, சாப்பாடா?” என்றார் உள்ளிருந்து கோங்.

“பாக்குறதுக்கு அண்ணே. திங்குறதுக்கு இல்ல.”

மஞ்சளில் ஒன்றும் சிவப்பில் ஒன்றும் சேர்த்து நன்றாகப் பிசைந்து கத்தியால் அறுத்தாள். மங்கலாக ஒரே நிறம். “இது உங்க குப்பி.” துருத்திக்காரர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இன்னொரு ஜோடியை ஒன்றன்மேல் ஒன்று வைத்து இரண்டே முறுக்கு முறுக்கி அறுத்தாள். மஞ்சளும் சிவப்பும் தீ நாக்குபோல ஓடின. “இது எங்கப்பா வெட்டின கல்லு.”

“கோடு விழுந்த கண்ணாடி என் உலையிலேருந்து போச்சுன்னா நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?”

“கல்லு உங்க வாத்தியார்கிட்ட அடி வாங்கலியே அண்ணே. அது கோட்டோடதான் பொறந்திருக்கு.”

“கெட்டுப்போச்சுன்னா?”

“உங்களுக்கு ஒரு பானைக் கண்ணாடி போகும். எனக்குச் சக்கரமே போகும். யாரு பயப்படணும்னு யோசிங்க.”

முணுமுணுத்தபடி கோங் உள்ளே போனார். மஞ்சள், சிவப்பு இரண்டு பானையிலிருந்தும் கம்பியில் கண்ணாடியை எடுத்தார். ஒரு முறுக்கு. இரண்டாவது. பழகிய மணிக்கட்டு மூன்றாவதுக்குத் திரும்பியது.

“போதும்,” என்றாள் வாசலிலிருந்து.

கை நின்றது.

குப்பி ஆற மூன்று நாள்; சாணைக்கு ஆறு நாள். எந்த இடத்தில் கோடு மேலே வருகிறது, எந்த இடத்தில் உள்ளே முழுகுகிறது என்று பார்த்துப் பார்த்து மணலும் தண்ணீரும் விட்டாள்.

ஹுவோ இந்தத் தடவை நேரிலேயே வந்தார். தட்டில் இருந்த குப்பியைப் பார்த்தவர், சட்டைக்கையை விரல்வரை இழுத்து மூடிக்கொண்டுதான் எடுத்தார்.

“யோவ் கோங், கல்லையே குடைஞ்சிட்டியா? இதுல பொடி போட்டு இழுத்தவன் பொழைப்பானா?”

கோங் நகத்தால் சுண்டினார். கண்ணாடி ஒலித்தது. ஹுவோ வாய்விட்டுச் சிரித்து, நாற்பது வேண்டும் என்றார்.

யூஹே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அண்ணே, அன்னைக்கு முற்றத்துல எட்டுப் பேர் இருந்தாங்க.”

“அதான் வேலை நிலைச்சிருச்சே, இன்னும் என்ன?”

“நாப்பதுக்கும் நான்தான் சாணை பிடிப்பேன். மொதல்ல அந்த எட்டுப் பேரும் வரட்டும்.”

வந்தார்கள். கோங் தரையைப் பார்த்துச் சொன்னார்: “குத்தம் சக்கரத்துல இல்ல. நான் கலக்கினதுல.”

“துருத்திக்காரருக்குக் காது மந்தம் அண்ணே. கேட்டிருக்காது.”

கோங் ஒருமுறை வியாபாரியைப் பார்த்தார். பிறகு முற்றம் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.