பெரிய டீச்சரின் சிலேட்டு

புதிய ஆசிரியர்களுக்கு முதன்முதலாகப் பாடம் எடுக்கப் போயிருந்தேன். எழுதி வந்த தாளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆடு கோவைக் கொடியை மென்றது. பச்சை வாசம் வந்தது.

செஞ்சியில் நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அந்த இலையால்தான் சிலேட்டைத் துடைப்போம். பயிற்சிக்கு வந்த இளம் வாத்தியார் ஒருநாள் தடுமாறித் தடுமாறி வகுத்தல் நடத்தினார். எனக்குப் புரியவில்லை, கேட்கவும் பயம். அவர் பாடம் நடத்துவதைக் கவனிக்க வந்த பெரிய டீச்சர், சிலேட்டோடு எங்கள் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று கைதூக்கினார்.

“சார், எனக்கு வெளங்கல. இன்னொரு வாட்டி சொல்றீங்களா?”

“எனக்கும்தான் சார்!” என்று கத்தினேன்.

வாத்தியார் சிரித்துவிட்டார். மறுபடி தொடங்கியபோது அவர் தடுமாறவில்லை.

இப்போது புதிய ஆசிரியர்கள் முன் நின்று, எழுதி வந்த தாளை மடித்தேன். “எனக்கு பயமா இருக்குது,” என்றேன்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. “எனக்கும்தான் சார்!”