ஐந்நூறு வாட் இராசதுரை

தன் கையை விஞ்சிய தராசு திருகோணமலையில் இல்லை என்பது இராசதுரையின் நம்பிக்கை. சந்தையில் அறுக்குளா மீனை வாலில் பிடித்துத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். மீன்காரன் அதன் வயிற்றுக்குள் ஐஸைத் திணித்து வைத்திருந்த நாட்களிலும் அப்படித்தான் வாங்கினார். பாலையூற்று வீட்டில் மனைவி அன்னலட்சுமி மீனை வெட்ட, குசினி முழுக்கத் தண்ணீர் ஓடும். "கடல் மீனெண்டால் தண்ணி இருக்கும்தானே" என்பார்.

யுத்தம் பலரின் தொழிலைத் தின்றது. இவருடைய ஸ்டூடியோவை ஊட்டி வளர்த்தது. ஊர் விட்டு ஊர் போக ஆமியிடம் பாஸ் எடுக்கப் படம், பொலிஸ் பதிவுக்குப் படம் என்று ஊரே அவருடைய கதிரையில் வந்து பயந்த முகத்தோடு இருந்து எழும்பிப் போனது. பயந்த முகத்தைப் படம் பிடிக்கத் திறமை வேண்டியதில்லை. ஆனால் கூட்டம் கூடியதும், அது தன் திறமைக்காகக் கூடிய கூட்டம் என்று அவர் முடிவு செய்துகொண்டார். கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கலியாண வீடியோவிலும் இறங்கினார். அவருடைய வீடியோவில் மணமகள் ரோசாப்பூவுக்குள்ளிருந்து வெளிப்படுவாள். மாப்பிள்ளை நிலாவின் நுனியில் இருப்பான். இடைக்கிடை கலியாணமும் தெரியும்.

இரண்டாயிரத்து ஏழில் கிண்ணியா ஜெஸீமாவின் கலியாணத்தை எடுத்தார். அவளுடைய உம்மா றுக்கியா குவைத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். மகளின் கலியாணத்துக்கு அந்த வீட்டுக்காரர் லீவு கொடுக்கவில்லை. அந்த வீடியோவே அவளுக்காகத்தான். விடுமுறையில் வந்திருந்த அயல்வீட்டுப் பெண் வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். அவள் கையில் டிஸ்க்கைக் கொடுத்துவிட வேண்டும்.

கமராவுக்குள் போடும் கசற் கிடைக்காத காலம் அது. கலியாணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அதே கசற்றில் இராசதுரை கிளிவெட்டியில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவை எடுத்துவிட்டார். ஆக, ஜெஸீமாவின் கலியாணம் இப்போது அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே இருந்தது.

அதை வெட்டி ஒட்டி அப்படியே கொடுத்திருக்கலாம். ஆனால் நெருப்பு எரியும் இதயத்துக்குள் மணமக்களை வைக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றிவிட்டது. கம்ப்யூட்டர் இதயத்தைப் போட்டது, நெருப்பில் இறுகி நின்றது. நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வேண்டுமென்று, கம்ப்யூட்டர்ச் சாமான் விற்கும் அன்ஸாரின் கடைக்குப் போனார். கடையிலேயே மிகப் பெரியதை எடுத்தார். இரண்டு விசிறி.

"துரையண்ணன், இதுக்கு உங்கட பவர் சப்ளை காணாது" என்றான் அன்ஸார்.

"என்ர ஐந்நூறு வாட். இதின்ர பெட்டியில நானூறு காணுமெண்டு போட்டிருக்கு. கணக்குத் தெரியாதோ?"

"ஐந்நூறு எண்டு ஆர் சொன்னது?"

"சப்ளையில ஒட்டியிருக்குது."

"ஒட்டுறதுக்கென்ன? என்ர நெத்தியில டொக்டர் எண்டு ஒட்டினா என்னட்ட ஊசி போடுவியளோ?"

"நான் தூக்கிப் பாத்து வாங்கினனான் தம்பி. கல்லு மாதிரிப் பாரம்."

"இதுக்குக் கரண்டுக்கெண்டு தனிய ஒரு வயர் கொழுவோணும். உங்கட சப்ளையில அது இருக்கோ?"

"இல்லை. வேற வயரில இருந்து இழுத்துக் குடுப்பம்."

"அண்ணன், இந்தச் சின்னதை எடுங்கோ. தனி வயர் கேக்காது. உங்கட வேலைக்கு இது காணும்."

"விசிறி இல்லாத சாமானை ஆருக்குக் காட்டுறது?"

"கம்ப்யூட்டருக்குள்ள கிடக்கிறதை ஆர் பாக்கிறது?"

"நான் மூடியைக் கழட்டித்தான் வைப்பன்."

அன்ஸார் பெரியதையே சுற்றிக் கொடுத்தான். ஒருமுறை எச்சரித்தாயிற்று, மனச்சாட்சிக்கு அது போதும், வியாபாரத்துக்கு இது போதும். உலகத்தில் முக்கால்வாசி நல்லவர்கள் இந்த வகைதான்.

இதயம் எரியத் தொடங்கிய கையோடு கம்ப்யூட்டர்ப் பெட்டியும் எரிந்தது. ஒரு வெடிச் சத்தம், கருகிய மணம். ஹார்ட் டிஸ்க்கும் செத்தது. இராசதுரை பவர் சப்ளையைக் கழற்றித் திறந்தார். உள்ளே கொஞ்ச வயர். மூலையில் பசை போட்டு ஒட்டிய ஒரு சீமெந்துக் கட்டி. அவருடைய கை பொய் சொல்லவில்லை. பாரம் இருந்தது உண்மைதான்.

வியாழக்கிழமை காலை ஜெஸீமா, பாதை என்கிற மிதவைப் படகில் கடல் கடந்து, ஆமிச் சென்ட்ரி தாண்டி வந்தாள்.

"என்ன செய்யிறது தங்கச்சி, நாட்டு நிலைமை" என்று இராசதுரை பெருமூச்சு விட்டார். "கரண்ட் கூடிக் குறைஞ்சு எல்லாத்தையும் எரிச்சுப்போட்டுது. யுத்தமெண்டால் இப்பிடித்தான்."

அந்தக் காலத்தில் எந்தக் குற்றத்தையும் யுத்தத்தின் தலையில் வைக்கலாம். அது மறுத்துப் பேசாது. ஜெஸீமாவும் தலையாட்டியிருப்பாள். ஆனால் திறந்த சப்ளைக்குப் பக்கத்தில் அந்தச் சீமெந்துக் கட்டி மேசையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு வயர்த்துண்டு ஒட்டியிருந்தது.

"இதையும் கரண்டோ கொண்டுவந்தது, அண்ணன்?"

இராசதுரை கட்டியை வாங்கி மேசைக்குக் கீழே வைத்தார்.

"கசற்?"

"அதில வேற எடுத்திட்டன். கடைசியில கொஞ்சம்தான் மிச்சம் கிடக்கு."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து விசிறியைப் போட்டார். அவள் பாஸ் படக் கதிரையில், வெள்ளைச் சீலைக்கு முன்னால் போய் இருந்தாள்.

"கமராவைப் போடுங்கோ. நீங்க ஒண்டும் செய்யவேணாம். நான் கதைக்கிறன்."

உம்மாவுக்குக் கலியாணத்தைச் சொன்னாள். மோதிரம் விரலில் ஏறாமல் சவர்க்காரம் பூசியது, பெரியம்மாவும் மாமியும் இறைச்சிக்கு உப்புக் காணுமா காணாதா என்று சண்டை பிடித்தது, உம்மா இருக்க வேண்டிய கதிரையில் ஒருவரையும் இருக்கவிடாமல் தான் ஒரு தலையணையை வைத்தது. சிரித்தாள், இரண்டு இடத்தில் கதை நின்றது. அன்ஸாரின் கடைக் கம்ப்யூட்டரில் அதை அப்படியே டிஸ்க்கில் இறக்கினார்கள். வெள்ளிக்கிழமை அது போயிற்று.

"முகம் வடிவாத் தெரிஞ்சது" என்று றுக்கியா குவைத்திலிருந்து போன் எடுத்துச் சொன்னாளாம்.

இராசதுரை எடுத்ததில் உருப்படியான வீடியோ அது ஒன்றுதான். அதில் அவருடைய பங்கு, ஒன்றும் செய்யாமல் நின்றது. அந்தப் பெருமையாவது அவருக்கு விளங்கியிருந்தால் இதை எழுதியிருக்க வேண்டியதில்லை.

அடுத்த கிழமை அன்ஸார் ஒரு நல்ல பவர் சப்ளையை எடுத்துவைத்தான். இராசதுரை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"இதைவிடப் பாரமானது இல்லையோ?" என்று கேட்டார்.