மண் பிஸ்கட்

எனக்கு வாய் நீளம். கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்த என் அப்பா, "இவ வாய்க்குப் பூட்டுப் போடணும்னா புளியோதரையாலதான் போடணும்" என்பார். அப்படிப்பட்ட என்னிடம், வாயே திறக்காத ஒரு பெண் குழந்தை வந்து சேர்ந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது.

அப்போது விருத்தாசலத்தில் ஆதரவில்லாத பிள்ளைகளுக்காக ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய இல்லத்தில் நான் டீச்சர். சில நாள் சமையற்காரியும் நானே. ரயிலடிக்குப் பக்கத்தில் ஓட்டுக் கட்டடம். உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். நாங்கள் போய் வாங்கி வருவோம். பல வீட்டு அரிசி ஒரே பானையில் வெந்தால் ஒன்று குழையும், ஒன்று விறைக்கும். பிள்ளைகள் குறை சொல்லிக்கொண்டேதான் சாப்பிடுவார்கள். குறை சொல்கிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையே வராது.

இவள் குறை சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவளைப் போர்ட்டர் ஒருவர் கொண்டுவந்து விட்டிருந்தார். ஐந்தாறு வயது இருக்கும். கூப்பிட்டால் திரும்புவாள். போட்டதைச் சாப்பிடுவாள். சிலேட்டில் நான் எழுதிக் காட்டிய 'அ'வை என்னைவிட அழகாக எழுதினாள். பேச்சு மட்டும் கிடையாது. வாசற்படியில் உட்கார்ந்து ரயிலடிப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இல்லத்தின் செயலாளர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "ஸ்கூலு தெறக்கறதுக்குள்ள பேசலன்னா மெட்ராஸ்ல ஊமைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடலாம்மா. இங்க வச்சிருந்தா அது படிப்பு வீணாப் போயிடும்" என்றார். நல்ல மனிதர், சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளை மறுபடியும் ரயிலேற்றித் தெரியாத முகங்களிடம் விட எனக்கு மனசே இல்லை. பாடிப் பார்த்தேன், கதை சொன்னேன், நாய் மாதிரி குரைத்துக்கூடக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் தீராத குறையைக் காகிதத்தில் எழுதிக் கொளஞ்சியப்பர் கோயிலில் கட்டுவோம். பிராது கட்டுவது என்று பேர். அதையும் கட்டிவிட்டு வந்தேன். பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் பீங்கான் தொழிற்சாலையில் சூளை வேலை பார்க்கும் எங்கள் தெருக்காரர் ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "டீச்சரம்மா, நாளைக்குப் பிள்ளைங்களுக்குப் பிஸ்கட்டு கொண்டாறேன். ஒரு கோணி நெறைய இருக்குது" என்றார்.

மறுநாள் பிள்ளைகள் தாமாகவே முகம் கழுவித் தட்டோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். அவளும் வாசற்படியை விட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் கோணியை அவிழ்த்தார். உள்ளே யானை, கிளி, குதிரை. எல்லாம் பளபளப்பில்லாத வெள்ளைப் பொம்மைகள். ஒன்றுக்கு மூக்கில்லை, ஒன்றுக்கு வாலில்லை.

"அண்ணே, பிஸ்கட்டு எங்க?" என்றேன்.

"இதாம்மா பிஸ்கட்டு! மொத தடவ சுட்டு எறக்கின சரக்கை நாங்க அப்படித்தான் சொல்லுவோம். இதுக்கு மேல மெருகு பூசி இன்னொருக்கா சுடணும்" என்றார். மடப்பள்ளிக்காரர் மகளுக்குச் சூளைப் பேச்சு என்ன தெரியும்? நான் விழித்துக்கொண்டு நிற்கும்போதே 'கறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் கிளியைக் கடித்துவிட்டிருந்தாள்.

"ஐய! மண்ணு!" என்று துப்பினாள். எல்லோரும் திரும்பினோம். "பிஸ்கட்டுன்னு பொய் சொல்றீங்க! எங்கம்மாவும் பிஸ்கட்டு வாங்கியாறேன், இங்கியே இருன்னு சொல்லிட்டுத்தான் போச்சு!"

ஓவென்று அழுதாள். சூளைக்காரர் கையைப் பிசைந்தார். எனக்கோ அவள் பேசிவிட்ட சந்தோஷம் ஒரு பக்கம், அவள் பேசியதைக் கேட்ட வேதனை ஒரு பக்கம். அவளை வாரி எடுத்துக்கொண்டு, "அழாதம்மா, இங்கியே இரு, நான் போயி நெசமான பிஸ்கட்டு வாங்கி..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டேன். என் ஆயுசில் நான் பாதியில் விழுங்கிய பேச்சு அது ஒன்றுதான்.

"வா, ரெண்டு பேருமே போவோம்" என்றேன்.

கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு நடந்தோம். விக்கல் நின்றதும் பேசத் தொடங்கினாள். தட்டில் வந்த விறைத்த சோறு, பக்கத்துப் படுக்கைக்காரியின் குறட்டை, நான் குரைத்தது நாய் மாதிரியே இல்லை என்பது வரை ஒவ்வொன்றாகக் குறை வந்தது. மனசிலிருந்த பாரம் இறங்கி, நடுத்தெருவில் சிரித்துக்கொண்டே அழுதேன்.

திரும்பி வரும்போது செயலாளர் எதிரே வந்தார். அவள் பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. இது நெசப் பிஸ்கட்டு. நானே கூடப் போயி வாங்கியாந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிஸ்கட்டை வாங்கி மெதுவாகத் தின்றார். மெட்ராஸ் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.