ஷிஃப்டுக்கு ஒரு நகர்வு

பார்சலைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே விரல்கணு உயரத்தில் நாற்பது சிப்பாய்கள். பழங்காலப் போர்களை மேசைமேல் வைத்து ஆடிப் பார்க்கிற விளையாட்டுக்கானவை. பார்சல் வந்து ஒரு மாதமாகிறது, எதிரில் உட்கார ஆளில்லை. அபார்ட்மென்டில் கேட்டால், "இந்த வயசுல பொம்மையா சார்?" என்கிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வாசனை வந்தாலே எனக்கு ஓசூர் சிப்காட்தான். இளவயதில் விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து, வண்டிகளுக்கு பிளாஸ்டிக் பாகம் வார்க்கிற கம்பெனியில் தரம் பார்க்கச் சேர்ந்திருந்தேன். முனிராஜு மெஷின் ஓட்டுகிறவன், பக்கத்துத் தளி ஊர்க்காரன், என் வயசு. எனக்கு ஏ ஷிஃப்ட் என்றால் அவனுக்கு பி. ஷிஃப்ட் மாறும் பத்து நிமிஷம்தான் எங்கள் சிநேகிதம்.

பெங்களூரில் ஒரு பழைய கடையில் ஒரு பெட்டி சிப்பாய்கள் வாங்கினேன். எல்லாம் வெள்ளைக்காரப் படை. மைசூர்ப் படையை எவனாவது செய்து விற்கிறானா? அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. பாதிப் பேரின் தொப்பியைச் சீவிவிட்டு, எபாக்சிப் பசையை உருட்டி முண்டாசு கட்டினோம். டூல் ரூம் அலமாரியின் மேல்தட்டில் தெர்மகோலில் கிருஷ்ணகிரிக் கோட்டை எழும்பியது. கோட்டை அவனுக்கு, முற்றுகை எனக்கு.

ஷிஃப்டுக்கு ஒரு நகர்வு. வந்ததும் பகடை போட்டு, விழுந்ததைத் துண்டுச்சீட்டில் எழுதி, ஆட்களை நகர்த்திவிட்டு வேலைக்குப் போய்விட வேண்டும். மற்றவன் பார்க்க முடியாது, நம்பிக்கைதான். பெட்டியில் பகடை ஒன்றுதான் இருந்தது. அதை நான் வைத்துக்கொண்டு, மெஷினில் மிஞ்சிய தடித்த பிளாஸ்டிக் கட்டியை அறுத்து, ராவி, புள்ளி போட்டு அவனுக்கு ஒன்று செய்து கொடுத்தேன். என்ன பெருமை எனக்கு!

முனிராஜுவின் சீட்டில் ஆறு. மறுநாளும் ஆறு. இரண்டு முற்றுகையிலும் என் படை மண்ணைக் கவ்வியது. மூன்றாவதில் பொறுக்கமாட்டாமல் எழுதி வைத்தேன்: 'இனிமே நான் பாக்கும்போது போடு.'

ஷிஃப்ட் மாறும்போது வந்தான். பகடையை என் கையில் வைத்தான்.

"ஏம்பா, நான் திருடனா?"

"அப்படிச் சொல்லலியே. எம்முன்னாடி ஒரு தடவ போட்டுக் காட்டேன்."

"பேடப்பா, வேணாம். நம்பிக்க இல்லன்னா ஆட்டம் எதுக்கு?"

அதோடு ஆட்டம் போயிற்று. பேச்சும் போயிற்று.

போன வாரம் பழைய சாமான்களைக் கிளறியபோது அந்தப் பகடை அகப்பட்டது. கையில் ஏதோ ஒருபக்கமாகச் சாய்வதுபோல இருந்தது. உப்புக் கரைசலில் போட்டேன். எப்படிப் போட்டாலும் ஆறுதான் மேலே வந்து மிதந்தது. அறுத்துப் பார்த்தால், ஆறுக்குக் கீழே மிளகளவு குழி. தடித்த பிளாஸ்டிக் குளிரும்போது உள்ளே குழி விழும்; அந்தப் பக்கம் எடை குறைந்து அடிக்கடி மேலே வரும். அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள்!

நாலு பேரிடம் கேட்டு நம்பர் வாங்கினேன். தளியில் ரோஜாத் தோட்டம் போட்டிருக்கிறானாம். எல்லாவற்றையும் சொல்லி, "தப்பு எம்மேலதான் முனிராஜு" என்றேன்.

"அப்ப ரெண்டு தடவ கோட்டைய காப்பாத்துனேனே, அது?"

அதுவும் அந்தக் குழியின் வேலைதான் என்றேன்.

"எம் பசங்ககிட்ட அதத்தாம்பா பெருசா சொல்லிக்கிட்டிருந்தேன்."

புதுச் சிப்பாய்கள் வந்திருக்கிறார்கள், வா ஆடலாம் என்றேன். தண்ணி விடணும் என்று வைத்துவிட்டான்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. டூல் ரூம் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. அதெல்லாம் தானாகப் போனது. அவனுடைய இரண்டு வெற்றிகளை மட்டும் நான்தான், மன்னிப்புக் கேட்கப் போய், இல்லாமல் ஆக்கினேன்.