பியட்றிஸ் அத்தையும் துரையின் பழைய காரும்

என் அத்தை பியட்றிஸைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "அவளப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்று கேட்டார் அப்பா. அப்பாவின் படிப்புக்காகப் பத்து வயதிலிருந்து தேயிலைக் கொழுந்து கிள்ளியவர் அத்தை. அந்தப் படிப்பால்தான் அப்பா கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கிளாக்கர் கபிரியேல் ஆனார், கோட்டும் சப்பாத்தும் போட்டார், அக்காளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்று சொல்லவும் பழகிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவுக்குக் கிளாக்கர் வேலை கிடைத்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை விட்டு ஓட்டு வீட்டுக்கு வந்ததும் அத்தை கொழுந்துக் கூடையை இறக்கிவைத்தார். அடுத்த நாள் காலையில் அலுமாரிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் அம்மா ஒரு விருந்தாளிதான். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை; அத்தை சமைத்தால் ருசியாக இருந்தது.

அத்தையிடம் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து இருந்தது. மடு மண். வடக்கே மடு மாதா திருநாளுக்குப் போகிற கத்தோலிக்கர் எல்லோரும் மாதா கோயில் மண்ணில் கொஞ்சம் முடிந்து கொண்டுவருவார்கள். பாம்புக்கடிக்கு நல்லது, காய்ச்சலுக்கு நல்லது என்பது நம்பிக்கை. அத்தை பாம்போடு நிறுத்தவில்லை. தோட்டத்துத் துரை வீசிய ஒரு பழைய சுருட்டு டப்பாவில் மண்ணை வைத்துக்கொண்டு, பால் வற்றிய பசுவின் தவிட்டில் ஒரு சிட்டிகை, ஒழுகுகிற ஓட்டுக்கு ஒரு சிட்டிகை, நின்றுபோன சுவர்க்கடிகாரத்தின் வயிற்றுக்குள் ஒரு சிட்டிகை என்று போட்டுவந்தார். கடிகாரம் ஓடவே இல்லை. "ஓடாட்டி என்னா, கீழ விழாம இருக்குல்ல?" என்பார். இப்படிப்பட்டவரிடம் என்ன வாதாடுவது? நான் சிரிப்பேன். அப்பா என்னைவிட அதிகமாகச் சிரிப்பார்.

அத்தைக்குக் கலியாணம் ஆகாததற்கு ஒரு வண்டி காரணம். புசல்லாவைப் பக்கத்து மாப்பிள்ளை. விபூதிப் புதனுக்கு முந்திய நாள் கலியாணம் என்று கோயிலில் அறிவிப்பு ஓலை வாசித்து முடிந்திருந்தது. விபூதிப் புதனோடு தபசு காலம் தொடங்கிவிடும். நாற்பது நாள் கழித்து வரும் பாஸ்குத் திருநாள் வரைக்கும் கோயிலில் கலியாணம் கிடையாது. அன்று பாதி வழியில் மாட்டு வண்டியின் அச்சு முறிந்தது. இவர்கள் போய்ச் சேரும்போது சுவாமியார் கோயிலைப் பூட்டிவிட்டார். பாஸ்குவுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். பாஸ்குவுக்குப் பிறகு பார்த்தார்கள், வேறு ஒரு பெண்ணை.

இவ்வளவு தெரிந்தும், என் கலியாணத்தையும் அதே நாளில்தான் வைத்தார்கள். 1932ஆம் வருஷம், பெப்ரவரி ஒன்பது, செவ்வாய்க்கிழமை. மாப்பிள்ளை மத்தியாஸ், கண்டியில் வாத்தியார். அவருடைய தாயாருக்கு, அதாவது இப்போது என் மாமிக்கு, என்னைப் பிடிக்கவில்லை. பெண் கிளாக்கர் மகள்தான், ஆனால் வேர் லயத்தில் இருக்கிறதே என்று கவலை. "தபசு காலம் முடியட்டுமே, ஆறுதலா யோசிப்போம்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டார். மத்தியாஸ்தான் ஒற்றைக் காலில் நின்று அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பிடித்தார். நாற்பது நாள் கொடுத்தால் மாமி எனக்குப் பதிலாக நாலு பெண்களைக் கண்டுபிடித்துவிடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு மத்தியாஸ் வேண்டும். வேறு யாரும் வேண்டாம்.

கார் வந்தது அந்த நேரத்தில்தான். தேயிலை விலை விழுந்து வேலை போன ஒரு துரை கப்பலேறுமுன் தன் பழைய காரை அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனார். பின் ஆசனத்தில் துரையின் நாய் மயிர் ஒரு தலையணைக்குத் தேறும். அப்பா துரையின் டிரைவரிடம் மூன்று வாரம் ஓட்டப் பழகினார். அதில் திருத்தமாக வந்தது ஹோர்ன் அடிப்பது மட்டும். அத்தை சுருட்டு டப்பாவோடு காரைச் சுற்றிவந்ததைக் கண்டதும் அப்பா பாய்ந்தார்.

"அக்கா! இது இங்கிலீசுக்காரன் செஞ்ச எஞ்சின். பசு மாடு இல்ல. இதுல மண்ணுகிண்ணு போட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"சரிப்பா, சரி. நான் ஏன் போடுறேன்?" என்றார் அத்தை.

கலியாணத்தன்று சொந்தக்காரர் எல்லோரும் விடியற்காலையிலேயே தோட்டத்து லொறியில் போய்விட்டார்கள். எங்களையும் அதில் ஏறச் சொன்னார்கள். "எம் மக என்ன தேயிலைப் பெட்டியா?" என்று கேட்டு அப்பா லொறியை அனுப்பிவிட்டார். எட்டு மணிக்கு நாங்கள் புறப்பட்டோம். முன்னால் அப்பாவும் அம்மாவும், பின்னால் வெள்ளைச் சேலையிலும் முகத்தை மூடிய நெற்றிலும் நான், பக்கத்தில் அத்தை. நாலு பேரும் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தோம். பூசையில் நன்மை, அதுதான் நற்கருணை, வாங்க வேண்டுமென்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு மிடறு உள்ளே போனாலும் அன்றைக்கு நன்மை இல்லை. பூசை பத்து மணிக்கு. பன்னிரண்டு மணியைத் தாண்டினால் பூசை வைக்கமாட்டேன் என்று சுவாமியார் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

நாலு மைல் போனோம். கார் ஒரு தரம் இருமியது. இரண்டு தரம் துள்ளியது. பிறகு ஒரு வளைவில், ஏற்றத்தின் அடியில், மூச்சை விட்டுவிட்டது.

அப்பா இறங்கி பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தார். அங்கே என்ன பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது என்பதை அவருடைய முதுகே சொல்லிற்று. முன்பக்கத்தில் கம்பியைச் செருகிச் சுற்றினார். கோட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றினார். அம்மாவும் அத்தையும் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். கார் ஏற்றத்தில் நாலு அடி ஏறி, ஐந்து அடி இறங்கியது. பஸ்ஸாவது வருமா என்றால், அன்றைக்குப் பார்த்து முஸ்லிம்களுக்கு நோன்புப் பெருநாள்; பஸ் முதலாளி பஸ்ஸைக் கலஹாவில் நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு கொண்டாடிக்கொண்டிருந்தார். ஒன்பதரை ஆயிற்று. வாயாடியான அத்தை பேசாமல் நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பத்து மணிக்கு மேலே அந்த வளைவில் ஒருவர் நடந்துவந்தார். புதுச் சாரம், புது வெள்ளைச் சட்டை, தொப்பி. அந்தப் பஸ்ஸை ஓட்டுகிற லாபிர்தான். அக்குறணையில் வீடு. முந்திய நாள் கடைசிப் பயணம் வந்து மாட்டிக்கொண்டு, ஊருக்குப் போகப் பேராதனை வரை நடையைக் கட்டியிருந்தார்.

"என்ன கிளாக்கர் ஐயா, பொண்ண ரோட்டுல வெச்சா கலியாணம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"லாபிர் நானா, பன்னெண்டு மணிக்குள்ள கண்டிக் கோயிலுக்குப் போவணும்" என்றார் அத்தை. "போவாட்டி இந்தப் புள்ளைக்குக் கலியாணம் இல்ல."

"பெருநாள் தொழுகையும் தவறிப் போய்ட்டு. சாப்பாட்டுக்காச்சும் போகாட்டி உம்மா என்னைய வீட்டுக்க எடுக்கமாட்டா" என்று சொல்லியபடியே லாபிர் புதுச் சட்டையின் கையை மடித்தார்.

முன் ஆசனத்துக்கு அடியில்தான் பெற்றோல் தொட்டி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் எஞ்சினுக்குப் போகிறது. லாபிர் எஞ்சின் பக்கம் குழாயைக் கழற்றினார்; ஒரு சொட்டும் விழவில்லை. அங்கே இருந்த சின்ன வடிகட்டி வலையை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். தட்டியதைப் பார்த்தவர், நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"ஐயா, பெற்றோலுக்க மண் ஈக்கி."

"ரோட்டுத் தூசியா இருக்கும்" என்றார் அப்பா.

"இங்க ரோட்டு மண் செகப்பு. இது வெளுப்பு. இந்தப் பக்கத்து மண்ணே இல்ல."

நாங்கள் மூன்று பேரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை தலையைக் குனிந்துகொண்டார்.

"காலையில... ஒரு சிட்டிக போட்டேன். ஒரே ஒரு சிட்டிக. புள்ள போய்ச் சேரணுமேன்னு."

"ஒரு சிட்டிகைக்கு இது அடைக்காது அக்கா" என்றார் லாபிர். "கைப்புடி மண் ஈக்கி."

பிறகு அம்மா தொண்டையைச் செருமினார். "நானும் ஒரு சிட்டிக போட்டேன் மதினி. ஒங்க டப்பாவுலேருந்துதான். நேத்து சாயங்காலம்."

எனக்குக் காது சுட்டது. நான் பள்ளிக்கூடம் போனவள். அத்தையின் மண்ணைப் பார்த்துப் பல வருஷம் சிரித்தவள். ஆனால் முந்திய நாள் மத்தியானம் எல்லோரும் உறங்கும்போது டப்பாவைத் திறந்து, தொட்டி மூடியைத் திருகி, "மாதாவே, மாமி மனசு மாறக்கூடாது" என்று சொல்லிப் போட்டவளும் நான்தான். கஞ்சத்தனம் இல்லாமல் போட்டேன். அதை எல்லோரிடமும் சொன்னேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி லேஞ்சியால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு" என்றார்.

"என்னா ரெண்டு?" என்று கேட்டார் அத்தை.

"ரெண்டு சிட்டிக. ராத்திரி ஒண்ணு. காலையில வண்டிய எடுக்கும்போது ஒண்ணு."

லாபிர் அப்படியே ரோட்டில் குந்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இந்தக் கார் நாலு மைல் வந்ததே பெரிய விஷயம்!" அத்தை சிரிக்கவில்லை, டப்பா அரைவாசி குறைந்ததற்கு எலிமேல் பழிபோட்டோமே என்றுதான் அவருக்குக் கவலை.

பிறகு வேலை மும்முரமாயிற்று. லாபிர் காருக்கு அடியில் போனார். புது வெள்ளைச் சட்டை போன வழியை நான் பார்க்கவில்லை. தொட்டிப் பக்கத்திலிருந்து ஊதிப் பார்த்தார். அடைப்பு இன்னும் இறுகியது. "நான் இந்தப் பக்கம் கம்பியால குத்துறன். எஞ்சின் பக்கத்துல ஒராள் வாய வெச்சி நல்லா உறிஞ்சணும்" என்று கீழிருந்து கத்தினார்.

அப்பா குனிந்தார். அத்தை அவருடைய காலரைப் பிடித்து இழுத்தார்.

"நீ பொண்ணுக்கு அப்பன். உள்ள ஒரு சொட்டுப் போனா நன்மை வாங்க முடியாது. நீ நன்மை வாங்காட்டி சம்பந்தியம்மா என்னா நெனப்பா? தள்ளு."

"நீங்களும் விரதந்தானே அக்கா?"

"என்னைய யாரு பார்க்கப்போறா?"

அத்தை மண்டியிட்டு, குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். கன்னம் ஒட்டியது. முகம் சிவந்தது. அடியிலிருந்து லாபிர் குத்தினார், தட்டினார். மூன்றாவது உறிஞ்சலில் மண்ணும் பெற்றோலும் ஒன்றாக வந்து அத்தையின் வாயை நிறைத்தன. அத்தை துப்பினார், இருமினார், மறுபடி துப்பினார்.

"துப்பியாச்சு, எல்லாம் துப்பியாச்சு, உள்ள போகல" என்று அப்பா அவசரமாகச் சொன்னார். அத்தை வாயைத் துடைத்துக்கொண்டார்.

கார் முதல் சுற்றிலேயே உறுமியது. அப்பா கோட்டைத் தேடுவதற்குள் லாபிரே ஓட்ட உட்கார்ந்துவிட்டார். அவர் ஓட்டிய வேகத்துக்குப் பேராதனைப் பாலத்தில் அம்மா செபமாலையை இரண்டு தரம் நழுவவிட்டார். கோயில் வாசலில் நிற்கும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். மாமி குடையை விரித்துக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் மத்தியாஸ், பசியில் வெளுத்த முகத்தோடு, தாயின் குடைக்கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் விட்டார். சுவாமியாருக்கும் வயிறு காய்ந்திருந்தது. அவ்வளவு விரைவாக ஒரு பூசையை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. பன்னிரண்டு மணி அடிக்கும்போது மத்தியாஸ் எனக்குத் தாலி கட்டியாயிற்று.

நன்மை நேரம் வந்தது. நானும் மத்தியாஸும் வாங்கினோம். அப்பா வந்தார், அம்மா வந்தார், மாமி வந்தார், லொறியில் வந்த சனம் முழுவதும் வந்தது. நான் நெற்றுக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தேன். அத்தை வாங்குப் பலகையில் முழந்தாளில் இருந்தார். எழும்பவில்லை. துப்பினோமா விழுங்கினோமா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்; எழும்பிவந்து நாக்கை நீட்டியிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பூசைக்குப் போய் நன்மை வாங்காமல் திரும்பியதே இல்லை என்பது அவருடைய ஒரே பெருமை. முதல் தரம் வாங்காமல் இருந்தது என் கலியாணத்தில்.

மாமிக்கு அது கண்ணில் படாமல் போகுமா? வெளியே வந்ததும் நாலு பேர் கேட்கக் கேட்டார். "ஏன், நீங்க மட்டும் நன்மை வாங்கல? மனசுல ஏதும் பெரிய பாவம் இருக்குதோ?"

அப்பா காரைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நாங்கள் மூன்று பேரும் உண்மையைச் சொன்னால், பெற்றோல் தொட்டிக்குள் மண் போட்ட லயத்துச் சனம் என்று மாமி ஊர் முழுக்கச் சிரிப்பார். அதற்குப் பயந்து, மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

"ஆமா, இருக்குதுங்க" என்றார் அத்தை. "பழைய பாவம்."

ஏழு வருஷமாக மாமி அந்தப் பாவம் என்ன, யாரோடு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தால், மாமி தனக்கென்று வைத்திருக்கும் பீங்கான் கோப்பையை ஒளித்துவைக்கிறார். அத்தை தகரக் குவளையில் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டுப் போகிறார். நானும் ஏழு வருஷமாகப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாமி, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அன்றைக்கு அத்தை விழுங்கியது பெற்றோல். அதில் இருந்த மண்ணில் என் பங்கும் இருந்தது.