அத்தானுக்கு நான் கொடுத்த பாதிக் கணக்கு

என் அக்காவின் கணவரை, அவர் என்னை முழுக்க நம்பிய ஒரு விஷயத்தில், சபையார் முன்னால் வேண்டுமென்றே தலைகுனிய வைத்தேன். வாய் தவறி நடந்ததல்ல. முன்கூட்டியே யோசித்துச் செய்தது.

மலாயா விடுதலை அடைந்த மறுவருடம் அது. நான் சிங்கப்பூரில் கணிதம் படித்து முடித்து மலாக்காவில் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். வீட்டுக்கு வீடு ஒரு பாஷை கேட்கும் காஜா பெராங்கில் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். அத்தான் ஆஸ்பத்திரியில் டிரெசர். வாரமெல்லாம் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுப் போடுவார். ஆனால் அவர் மனம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் இருந்தது. சபைப் பிள்ளைகளுக்கு அவர்தான் வேதபாட வகுப்பு எடுத்தார். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது.

நோவாவின் பேழை எவ்வளவு நீளம் என்று காட்ட, ஒருமுறை பிள்ளைகளை உஜோங் பாசிர் கடற்கரைக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். கையை விரித்துக் கோத்தபடி வரிசையாக நிற்க வைத்தார். முந்நூறு முழத்துக்கு ஆள் பற்றவில்லை. அங்கே விளையாடிக்கொண்டிருந்த மீனவர் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அதுவும் பற்றவில்லை. கடைசியில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர்களும் சிரித்துக்கொண்டே வந்து கைகோத்தார்கள். பேழையின் ஒரு முனையில் நான், மறுமுனையில் அவர். தொப்பியைக் கழற்றி ஆட்டுகிறார் என்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை. அப்படிப்பட்ட மனிதர்.

ஒரு சாயங்காலம் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"மாப்ள, வெள்ளம் வடிஞ்சு பேழையிலேர்ந்து எறங்கினது எட்டே பேரு. இன்னிக்கு ஒலகத்துல இவ்ளோ ஜனம் இருக்கு. கணக்கு ஒத்துவருமா? வகுப்புல ஒரு பொண்ணு கேட்டா. எனக்குப் பதில் தெரியல."

"ஒத்துவரலன்னா என்ன பண்ணுவீங்க?"

"வரலன்னே சொல்லிருவேன். பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லலாமா?"

மடக்கை அட்டவணையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளம் வந்து நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் என்று சபையார் சொல்லும் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டேன். எட்டுப் பேர் அன்றைய உலகத்தின் ஏறக்குறைய முந்நூறு கோடியாக வேண்டும். ஆண்டுதோறும் ஆயிரம் பேருக்கு ஐந்து பேர்கூட அதிகரிக்கத் தேவையில்லை, தாராளமாக ஒத்துவருகிறது என்று சொன்னேன்.

"அவ்ளோதானா? எங்க பிரசவ வார்டு ஒண்ணே போதும் போலிருக்கே!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். கோப்பி ஊற்ற வந்த அக்காவிடம், "ஒன் தம்பி சாதாரண ஆளில்ல" என்றார்.

அந்தக் கணக்கிலேயே ஒரு பொறி இருந்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்த்த நண்பர்கள் இருவரிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை வாங்க, வேடிக்கை இருக்கு" என்றும் சொன்னேன்.

அந்த ஞாயிறு பெற்றோரும் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள். போதகர் முன்வரிசையில் இருந்தார். அத்தான் கரும்பலகையில் என் கணக்கைப் படிப்படியாக எழுதி விளக்கினார். கேள்வி கேட்ட பெண்ணைப் பார்த்து, "திருப்தியாம்மா?" என்றார். நான் எழுந்தேன். ஒத்தாசைக்கு எழுகிறேன் என்றுதான் நினைத்தார். அவ்வளவு மலர்ச்சி முகத்தில்.

"அத்தான், பாபேல் கோபுரம் கட்டினது வெள்ளத்துக்கு எத்தன வருஷம் கழிச்சு?"

"ஒரு நூறு வருஷம்னு சொல்லுவாங்க மாப்ள."

"இந்தக் கணக்குப்படி நூறு வருஷத்துல எத்தன பேரு இருந்திருப்பாங்க?"

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அதில் அதற்கு விடை இல்லை.

"பன்னெண்டு, பதிமூணு பேரு. கெழடுகட்டையும் கைக்கொழந்தையும் போக, கல்லு தூக்கினது யாரு? அதுலயும் பாஷை வேற பிரிஞ்சிச்சாமே. ஆளுக்கு ஒரு பாஷையா?"

"நம்ம காஜா பெராங் மாதிரி லா!" என்று பின்னாலிருந்து என் நண்பர்களில் ஒருவன் கத்தினான். கூடம் அதிர்ந்தது. பிள்ளைகள்தான் அதிகம் சிரித்தார்கள்.

"எனக்குத் தெரியலயே மாப்ள" என்றார் அத்தான். அவரும் சிரிக்கப் பார்த்தார். கணக்கைப் போட்டுக் கொடுத்ததே இவன்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த வாரமே போதகர் வந்து, கொஞ்ச நாள் வேறொருவர் வகுப்பை எடுக்கட்டும் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு அத்தான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டபிறகுதான் போக இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. அந்தச் சட்டையோடே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா என்னை அடுப்படிக் குசினிக்குள் கூப்பிட்டாள். "கணக்குப் போட்டுக் குடுத்தது நீதானடா? நான்தான கோப்பி ஊத்தினேன்?"

போதகரிடம் போய், ஆராதனை முடிந்ததும் பேச அனுமதி கேட்டேன். கணக்கு என்னுடையது, பாதியை மறைத்தது நான், கேள்வியைத் திட்டமிட்டே கேட்டேன் என்று எல்லோர் முன்னிலும் சொன்னேன். மீதியையும் சொன்னேன். மனிதர்கள் ஒரே சீராகப் பெருகுவதில்லை. ஜப்பான்காரன் காலத்தில் இதே காஜா பெராங்கில் பிறந்தவர்களைவிட இறந்தவர்களைத்தான் அதிகம் பார்த்தோம். இப்போது பிரசவ வார்டில் கட்டில் போதவில்லை. எட்டுப் பேரில் தொடங்கினாலும் எட்டாயிரம் பேரில் தொடங்கினாலும், இன்றைய தொகைக்கு வந்து சேர ஏதோவொரு வேகத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே என் கணக்கு வெள்ளத்தை மெய்ப்பிக்கவில்லை, என் கேள்வி அதைப் பொய்யாக்கவும் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன்.

"அலாமா! மன்னிப்புக் கேக்க வந்தியா, பாடம் நடத்த வந்தியா?" என்றார் முன்வரிசை அம்மாள் ஒருவர். அன்றும் சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்து.

அப்படியொரு வெள்ளம் உலகை மூடியது என்று நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. வீடு திரும்பும் வழியில் அதையும் அத்தானிடம் சொன்னேன்.

"அது ஒன் மனசு மாப்ள. அதுக்கு நான் கோவிச்சுக்குவேனா? அந்தப் பன்னெண்டு பேர மட்டும் எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருந்தா, பிள்ளைங்களுக்கு நானே சொல்லியிருப்பேனே" என்றார். சொல்லியிருப்பார். அதுதான் என்னைச் சுட்டது.

வகுப்பு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. கணக்கை வைத்து இதை முடிவு செய்ய முடியாதாம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். நோவா கதையை அதே உற்சாகத்தோடு மறுபடி மறுபடி சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு, அவர் வகுப்பு எடுத்த காலம் வரைக்கும், சனிக்கிழமை சாயங்காலம் என் எதிரில் வந்து உட்கார்ந்து மறுநாள் பாடத்தைச் சொல்லிக் காட்டுவார்.

"இதுல ஏதாச்சும் இருக்கா மாப்ள? இருந்தா இப்பவே சொல்லிரு."

குத்திக்காட்டல் துளியும் இருக்காது. உண்மையாகவே கேட்பார்.

"ஒண்ணும் இல்ல அத்தான்" என்பேன்.

சரி என்று எழுவதற்கு முன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். முன்பெல்லாம் அப்படிப் பார்த்தவரல்ல.