கடலைப் பாக்கெட்டும் பேஸ்பால் பாக்கெட்டும்

சீல் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. தொண்ணூறுகளில் சவூதியின் யான்புவில், சுத்திகரிப்பு ஆலைக்கு ஆள் சப்ளை செய்த ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். துறைமுகத்திலிருந்து வால்வும் கேஸ்கெட்டும் பெட்டி பெட்டியாக வரும். நடுவழியில் யாராவது பிரித்து மூடியிருக்கிறார்களா என்று சீலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. அதற்குச் சம்பளமும் கொடுத்து வளர்த்துவிட்டார்கள். கேம்ப் மெஸ்ஸில் சாம்பார் கொஞ்சம் ருசியாக இருந்தால்கூட, இன்றைக்கு என்ன கெட்ட செய்தி சொல்லப் போகிறார்களோ என்று யோசிப்பேன்.

அப்படிப்பட்டவன் பேஸ்பால் அட்டை சேர்த்தேன் என்றால் என் மனைவியே இன்றுவரை நம்புவதில்லை. அந்த விளையாட்டை நான் பார்த்ததுகூடக் கிடையாது. டவுனில் கீழக்கரைப் பக்கத்து பாய் ஒருவர் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். அமெரிக்கக் குடும்பங்கள் ஃபைனல் எக்ஸிட்டில் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாமான்களை மொத்தமாகத் தள்ளிவிட்டுப் போவார்கள். பாய் அதில் மிக்ஸி, சைக்கிள் என்று அள்ளிக்கொண்டு வருவார். ஒரு தடவை அப்படி வந்த பெட்டி ஒன்றில் பளபளவென்று வெள்ளித்தாள் பாக்கெட்டுகளாக இருந்தன.

"சாக்லேட்டுன்னு நெனச்சு எடுத்துட்டேன் தம்பி. உள்ள பூரா தொப்பி போட்ட ஆளுங்க" என்றார் பாய்.

சீல் உடையாமல் இருந்தது. அதனால்தான் முதல் பாக்கெட்டை வாங்கினேன். உள்ளே வழவழப்பான அட்டைகள். முன்பக்கம் மட்டையை ஓங்கியபடி ஒருவன், மண்ணில் சறுக்கி விழுகிற ஒருவன், கன்னம் புடைக்க எதையோ மென்றுகொண்டு முறைக்கிற ஒருவன். பின்பக்கம் அவர்களுடைய பிறந்த ஊரும் பொடி எழுத்தில் ஆட்டக் கணக்கும் இருக்கும். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு எண். எண் வரிசைப்படி எல்லோரையும் சேர்த்தால் ஒரு செட். அபூர்வமாக, சாய்த்தால் நிறம் மாறுகிற வெள்ளி அட்டை ஒன்று வருமாம். பாக்கெட்டின் முதுகில் அப்படித்தான் போட்டிருந்தது.

என் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருந்தது. லீவு எப்போது என்பது மேனேஜருக்குத் தெரியும். எந்த ரூம், எந்தக் கட்டில், வெள்ளிக்கிழமை என்ன குழம்பு, எல்லாமே எனக்கு முன்னால் வேறு யாருக்கோ தெரிந்திருக்கும். அந்தப் பாக்கெட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. பிரிக்கும்போது முதலில் தெரிந்துகொள்கிறவன் நான். அதற்காகவே வியாழக்கிழமை மாலை கம்பெனி பஸ்ஸில் டவுனுக்குப் போக வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

பாய் பின்னால் கை நீட்டி ஒரு பாக்கெட்டை எடுத்துத் தருவார். கல்லாவின் ஓரத்தில் வைத்துப் பிரிப்பேன். ஒன்றுக்கு இரண்டாக வந்த ஆட்களைக் கடையிலேயே ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு, இன்னும் யார் யார் பாக்கி என்று புலம்புவேன். பாய் சீரகம் நிறுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் கேம்ப் ஆட்கள் பலர் வீட்டுக்குக் கொடுத்திருந்ததும் அவர் கடை போன் நம்பர்தான்.

ஒரு வியாழக்கிழமை நான் உள்ளே நுழைந்ததுமே, "சாப்ட்டீங்களா தம்பி?" என்றார். இல்லை என்றதும் பக்கத்துக் கடையிலிருந்து பரோட்டா வரவழைத்தார். பழைய அரிசி மூட்டை எதையோ என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். சாப்பிட்டு முடித்துப் பாக்கெட்டைப் பிரித்தால், உள்ளே வெள்ளி அட்டை. யான்புவுக்கு வந்த பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை. அட்டையை அவர் கையில் கொடுத்தேன். விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்து வெகுநேரம் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பிரித்த உறையைக்கூடக் கசக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"தம்பி, ஊர்லேர்ந்து போன் வந்துச்சு. அப்பா சீரியஸாம்" என்றார் பாய்.

கல்ஃபில் இருந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் பொருள் தெரியும். சாவுச் செய்தியை யாரும் வெறும் வயிற்றில் சொல்வதில்லை. முதலில் சாப்பாடு, பிறகு 'சீரியஸ்', அதற்குப் பிறகுதான் உண்மை. நானே பலருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். போன் காலையிலேயே வந்துவிட்டதாம். நான் சாப்பிட்டதையும் சிரித்ததையும் தெரிந்துகொண்டேதான் பாய் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலை நடந்த நேரம். "லீவு மாஃபி" என்று, லீவே கிடையாது என ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். மூத்தவன் நான் இருக்க, தம்பி கொள்ளி வைத்தான். நான் ஸ்டோரில் பெட்டிகளைத் தடவிக்கொண்டு நின்றேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு யோகம் அடித்தது. வாரக்கணக்கில் வராத எண்களெல்லாம் வரிசையாக வந்தன. என் அப்பா வாழ்நாள் முழுக்க லாட்டரிச் சீட்டு வாங்கியவர். ஆறுதல் பரிசுகூட விழுந்ததில்லை. செத்துப்போய்த்தான் மனுஷனுக்கு அதிர்ஷ்டம் வந்திருக்கிறது, அதையும் எனக்கே அனுப்பிவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். விளையாட்டாகத்தான் நினைக்க ஆரம்பித்தேன். போகப் போக உண்மையாகவே நம்பினேன். வியாழக்கிழமைகளில் அப்பா வருகிறார் என்று மனைவிக்கு எழுத நினைத்து, பயந்துவிடுவாள் என்று விட்டேன்.

ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? பிஸ்கட் டின்னில் போட ஒரு அட்டைகூட வராதது என்ன கணக்கு? நான் புலம்பிய ஆள் மறுவாரமே வருவது எப்படி? பாக்கெட்டை மூக்கருகே கொண்டுபோனால் லேசாகச் சீரக வாசம். மளிகைக் கடையில் இருந்தால் வாசம் வராதா என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பாவைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ரூமில் உட்கார்ந்து பாய் கடைக் கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தேன். பாக்கெட்டின் வாயில் மெல்லிய வரிகளாக அவர் கடை மெஷின் போட்ட சீல். பக்கத்தில் முந்தின நாள் பிரித்த பேஸ்பால் உறை கிடந்தது. ஒரு முனையில் அட்டைக் கம்பெனிக்காரன் போட்ட அகல வரிகள். மறுமுனையில் கடலைப் பாக்கெட்டின் அதே மெல்லிய வரிகள். மிச்சக் கடலையைக் கொட்டிவிட்டு அந்த உறையையும் எடுத்து வைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை இரண்டு உறைகளையும் கல்லாமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"பாய், இது எங்க போட்ட சீல்?"

அவர் தராசிலிருந்து கையை எடுத்தார். "தெரிஞ்சுதானே கேக்குறீங்க."

"எவ்வளவு நாளா?"

"அப்பா மவுத்தான பொறவு. நாலஞ்சு பாக்கெட்டப் பிரிச்சு, உங்கள்ட்ட இல்லாத ஆளா பாத்து ஒண்ணுல சேத்து ஒட்டுவேன்."

எனக்குக் கோபம் வந்தது. வியாழக்கிழமைகளில் அப்பா வரவே இல்லை. எனக்கென்று மிச்சமிருந்த அந்த ஒன்றும் எனக்கு முன்னாலேயே இன்னொருத்தருக்குத் தெரிந்திருந்தது.

"எனக்கு என்ன வரணும்னு முடிவு பண்ண நீங்க யாரு பாய்?"

"யாருமில்ல" என்றார். "அன்னைக்கு நான் சொல்றதுக்கு முந்தி நீங்க சிரிச்சீங்க. சொன்ன பொறவு சிரிக்கவே இல்ல. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. வேற என்ன தம்பி செய்ய? என்னால லீவா வாங்கிக் குடுக்க முடியும்?"

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அன்னைக்கு வந்த வெள்ளி அட்டை? காலையிலயே உங்களுக்கு விஷயம் தெரியும். அதுவும் நீங்க வெச்சதா?"

"இல்ல தம்பி. அல்லா அறிய, அது தானா வந்துச்சு."

அவர் முகத்தையே உற்றுப் பார்த்தேன். பரோட்டாவை என் பக்கம் தள்ளியபோது இருந்த அதே முகம். அப்பா செத்ததை ஒளித்துவைக்க முடிந்த முகத்தில் வேறு எதைத்தான் ஒளிக்க முடியாது? அவர் சொன்னது நிஜமா, என்னை ஆற்றுவதற்குச் சொன்னதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பாய் குனிந்து பெட்டியை அப்படியே எடுத்து என் முன்னால் வைத்தார். "மிச்சமெல்லாம் கை படாதது. நீங்களே எடுத்துக்குங்க."

இரண்டு முனையையும் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றைப் பிரித்தேன். கன்னம் புடைத்தவன், சறுக்கி விழுகிறவன், எல்லோரும் என்னிடம் ஏற்கெனவே இருந்த ஆட்கள். அச்சு அசலாக என் அப்பாவின் அதிர்ஷ்டம். பாய் பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினார். எல்லோரையும் அதில் போட்டேன்.

கேம்ப்புக்குத் திரும்பியதும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்த வெள்ளி அட்டை துணிகளுக்கு அடியில் இருந்தது, மடித்துவைத்த உறையும் அதனோடே இருந்தது. விரித்து இரண்டு முனையையும் ஒரு பார்வை பார்த்தால் போதும், பாய் சொன்னது நிஜமா என்று தெரிந்துவிடும். என் வேலையே அதுதான். அட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். உறையை விரிக்காமல், கையில் சுருட்டி, வாசலில் இருந்த குப்பை டிரம்மில் போட்டுவிட்டு வந்தேன்.